பழைய காருக்கு எந்த எஞ்சின்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கார்களை மீட்டெடுக்கும் வாசகர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: பழைய எஞ்சினையே சரிசெய்வதா, வேறொன்றை வாங்கி வைப்பதா? அவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பா ஓட்டிய 1968ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. பல ஆண்டுகள் கொட்டகையில் நின்றதில் எஞ்சின் இறுகிவிட்டது. "இதற்குச் செலவழிப்பதைவிட இசுசு 1800 எஞ்சினைக் கியர்பாக்ஸோடு வைத்துவிடலாம், நெடுஞ்சாலையில் நூறில் போகலாம்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: அந்த எஞ்சின் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று முதலில் பார்த்துவிடுவோம். நின்றுபோன வண்டியில் எஞ்சின் இறுகுவது பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதால்தான். ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயிலையும் சரிபாதியாகக் கலந்து கொஞ்சம் ஊற்றி, நான்கைந்து நாள் ஊறவிடுங்கள். பிறகு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் திருகாமல், முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். செல்ஃப் மோட்டாரால் உலுக்கினால் ரிங் உடைந்து சுவரைக் கீறிவிடும். எஞ்சின் அசைந்துவிட்டாலும் உடனே ஸ்டார்ட் செய்யும் ஆசையை அடக்கிக்கொண்டு, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்த 1489 சி.சி. எஞ்சின். அதன் சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம், 88.9 மில்லிமீட்டர். லேத் பட்டறையில் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் எண், இதற்கு முன் சிலிண்டர் எந்த அளவுக்கு ரீபோர் ஆகியிருக்கிறது, அதாவது கடைந்து அகலமாக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைக்காரர்கள் 'தௌ' என்பார்கள். பத்து, இருபது, முப்பது, நாற்பது தௌ வரை ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அந்தக் கடைசி அளவையும் தாண்டித் தேய்ந்திருந்தால்கூட ஸ்லீவ் என்ற உள்குழாயை இறக்கிப் பழைய விட்டத்துக்கே கொண்டுவந்துவிடலாம். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கில் வெடிப்பு இருந்தாலோ, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் மேலும் கிரைண்ட் செய்ய முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ மட்டுமே வேறு எஞ்சினைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் முதல் தேர்வு இன்னொரு 1489 எஞ்சின்தான்.

உங்கள் மெக்கானிக் சொல்வது நடக்காத காரியம் அல்ல. 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1817 சி.சி. இசுசு எஞ்சினையும் ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸையும் அம்பாசிடரில் வைத்து விற்றது. பழைய எஞ்சினின் ஐம்பது சொச்சம் குதிரைத்திறன் அதில் ஏறத்தாழ 75 ஆனது. ஆனால் "நூறில் போகலாம்" என்பது எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் எஞ்சினுக்குக் கிடைக்கும் பெருமையில் பாதி கியர்பாக்ஸுக்குப் போய்விடும்.

பின் ஆக்ஸிலின் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற அதை ஓட்டும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்ற வேண்டிய சுற்றுகள், 4.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் உருளும். கடைசியான நான்காம் கியரில், மணிக்கு 80 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். 100 கிலோமீட்டரில் 3,750. கிட்டத்தட்ட 89 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங்கும் கொண்ட ஓர் எஞ்சினை அந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டினால் அது தன் வலியைச் சத்தமாகவே சொல்லும். ஐந்தாம் கியரின் விகிதம் 0.85 என்றால் அதே நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 3,200 சுற்று போதும். ஆக, நெடுஞ்சாலையில் கிடைக்கும் நிம்மதி பெரும்பாலும் ஐந்தாம் கியரின் கைங்கரியம்.

உங்கள் வண்டியின் உண்மையான விகிதத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரம் தரையில் இருக்க, மற்றதை ஜாக்கியில் தூக்கி, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, எண்ணுவதற்கு ஒருவரை வண்டிக்கடியில் படுக்க வைக்க வேண்டும். வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது. ஸ்டாண்ட் கொடுத்து, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டையும் வைத்த பிறகே அவர் உள்ளே போக வேண்டும்.

இசுசுவை வைப்பதென்றால் மவுண்டிங்குகளைப் புதிதாக வெல்ட் செய்ய வேண்டும், ஸ்டீயரிங்கோடு இருக்கும் கியரை விட்டுவிட்டுத் தரையில் துளை போட வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டும், ரேடியேட்டரையும் கவனிக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்து முடித்த பிறகும் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கோடுதான் அந்த வண்டி நிற்கும். நூறில் போவதற்குச் செலவு செய்கிறவர்கள் நூறிலிருந்து நிற்பதற்குச் செலவு செய்வதில்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

1968ஆம் ஆண்டு வண்டியில், அதுவும் அப்பா ஓட்டிய வண்டியில், பழைய எஞ்சினையே முழு வேலை பார்த்து வைப்பதுதான் சரி என்பது என் முடிவு. அதை எளிய குடும்பத்துப் பிள்ளை என்று குறைத்து எண்ண வேண்டாம். 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற ஆங்கிலேயப் பந்தயப் பாணிக் காரில் இரட்டைக் கார்புரேட்டரோடு ஓடியது இதே 1489 சி.சி. எஞ்சினின் உடன்பிறப்புதான். வேலை முடிந்து வந்த பிறகு பின்பக்க கிராங்க் முனையில் எண்ணெய் லேசாகக் கசிந்தால் பட்டறைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் திருகு வரி மட்டுமே உண்டு. இரவில் நாலு சொட்டு விழுவது அதன் சுபாவம்.

கேள்வி: என்னிடம் 1979ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி இருக்கிறது, அன்றாடம் ஓட்டுகிறேன். மலையேற்றத்தில் திணறுகிறது. பிரீமியரின் பிந்தைய காரான 118 என்.இ.யில் வந்த நிசான் எஞ்சின் பொருந்தும் என்கிறார்களே? (குன்னூர் வாசகர்)

பதில்: உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் ஒவ்வொரு நூறு மீட்டர் உயரத்துக்கும் தன் பலத்தில் நூற்றில் ஒரு பங்கை இழக்கும் என்பது தோராயக் கணக்கு. கடல் மட்டத்தில் நாற்பது குதிரைத்திறன் கொடுக்கும் பத்மினி உங்கள் வாசலுக்கு வரும்போது முப்பத்து மூன்றுதான் கொடுக்கும். நிசான் எஞ்சினுக்கும் அதே விகிதத்தில்தான் குறையும்.

இதோடு, சமவெளிக்கு அமைத்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகமாகவும் காற்றைக் குறைவாகவும் கொடுக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை கரிபோலக் கறுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு குறைத்துப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டைமிங்கை முன்னே தள்ளும் எடைகள் துருப்பிடித்து நின்றுபோயிருப்பதும் இந்த வயதுக் கார்களில் சர்வ சாதாரணம். அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் எஞ்சினை மாற்றச் சொல்பவர், நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற வைத்தியர்.

118 என்.இ.யின் நிசான் ஏ12 நல்ல எஞ்சின் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பத்மினியின் எஞ்சின் 1089 சி.சி., இது 1171 சி.சி.; சிலிண்டர் விட்டம் 73, ஸ்ட்ரோக் 70 என்று இருப்பதால் வேகமாகச் சுற்றுவதற்கு முகம் சுளிக்காது. ஆனால் 82 சி.சி. வித்தியாசத்துக்காக ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறான எஞ்சினைச் சுமந்து திரிய வேண்டுமா என்பதை யோசியுங்கள். உங்களுக்கு வேறொரு வழி உண்டு. கடைசிக் காலப் பத்மினிகள் சிலவற்றில் தயாரிப்பாளர்களே தங்கள் 1089 எஞ்சினுக்குப் பின்னால் நிசான் கியர்பாக்ஸைத் தரை கியரோடு பொருத்தினார்கள். அப்படிப்பட்ட வண்டி ஒன்றின் கியர்பாக்ஸ், அதை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங்கோடும் கிளட்ச் சாமான்களோடும் முழுதாகக் கிடைத்தால், எஞ்சினைத் தொடாமல் அதை மட்டும் வைத்துப் பாருங்கள். கியர் துல்லியமாக விழுந்தாலே மலைப்பாதையில் பாதித் திணறல் போய்விடும்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை மீட்டெடுக்கிறேன். அதில் எஞ்சினே இல்லை. இங்கிலாந்திலிருந்து ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற காரின் 1493 சி.சி. எஞ்சினை வரவழைக்கலாமா, உள்ளூரில் பழைய 948 தேடலாமா? (சென்னை வாசகர்)

பதில்: 948, 1147, 1296, 1493 ஆகிய நான்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், வெளி உருவில் அவ்வளவு வேறுபாடு இல்லாததால், கொஞ்சம் மெனக்கெட்டால் எதுவும் உட்காரும். முதல் மூன்றுக்கும் ஸ்ட்ரோக் 76 மில்லிமீட்டர்தான்; 1493க்கு மட்டும் 87.5. அதே மூன்று பேரிங் மேல் நீண்ட ஸ்ட்ரோக்கை ஏற்றியதால் அது கீழ்ச் சுற்றில் நன்றாக இழுக்கும், மேல் சுற்றில் கிராங்க்கைத் தின்னும். அதைவிட முக்கியம், ஹெரால்டின் பின் டிஃபரன்ஷியலும் அரை ஆக்ஸில்களும் 948இன் சாந்தமான குணத்துக்கு ஏற்றவை. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அந்த அமைப்பில், வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். பலம் கூட்ட வேண்டிய கார் அது அல்ல.

சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான கார் அது. 948 எஞ்சினை ஹெரால்டில் மட்டுமல்லாமல் 1972இலிருந்து வந்த, அதே நிறுவனத்தின் கெஸல் காரிலும் வைத்தார்கள். எனவே கெஸலின் எஞ்சின் கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் புதுப்பேட்டைப் பக்கம் தேடினால் பாகங்களாவது அகப்படும்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்தக் குடும்பத்து எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை, பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் செருகப்பட்ட பிறைவடிவ த்ரஸ்ட் வாஷர்கள் இரண்டே இரண்டு. கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களிடம் இருந்த வண்டியில் அவை தேய்ந்து, ஒருநாள் கழன்று, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்துவிடும். அதன் பிறகு கிராங்க்கே பிளாக்கை அறுக்கத் தொடங்கும். அந்த பிளாக்கை மீட்பது கடினம். வண்டியில் இருக்கும் எஞ்சின் என்றால் ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்பக்க புல்லியைப் பாருங்கள். அது முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் வாஷர் போய்விட்டது. கடைத் தரையில் கிடக்கும் எஞ்சின் என்றால் புல்லிக்குப் பின்னால் பெரிய ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து முன்னும் பின்னும் நெம்புங்கள். 'டக்' என்ற சத்தம் கேட்டால் சம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

நானும் ஒருமுறை இதில் ஏமாந்திருக்கிறேன். கடையில் ஓட்டிக் காட்டிய எஞ்சின் தையல் மெஷின்போல ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆயிலை வடித்தபோதுதான் அது கியர் ஆயில் அளவுக்குக் கெட்டியாக இருந்தது தெரிந்தது. பேரிங் சத்தத்தை அமுக்கத்தான் அதை ஊற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஆயிலை விரலில் தொட்டுப் பார்க்காமல் நான் விலை பேசுவதில்லை.

கேள்வி: அம்பாசிடரில் டீசல் எஞ்சின் வைத்தால் மைலேஜ் கிடைக்குமே? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கிடைக்கும். மடாடர் வேனின் டீசல் எஞ்சினை அம்பாசிடரில் ஏற்றி வாடகைக்கு ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. பெட்ரோல் விலை அதைச் செய்ய வைத்தது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கும் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாற்றியே தீருவேன் என்றால், அம்பாசிடரிலேயே வந்த 1489 சி.சி. பி.எம்.சி. டீசல்தான் நெருங்கிய சொந்தம். 37 குதிரைத்திறன் அளவுக்குத்தான் கொடுக்கும், பொறுமை வேண்டும். எரிபொருள் மாறுவதால் முன் அனுமதியும் வேண்டும்.

கேள்வி: எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ன சிக்கல் வரும்? (மதுரை வாசகர்)

பதில்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. எனவே அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை வைத்து, அதன் எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்வதுதான் தலைவலி இல்லாத வழி. அதற்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாங்கும் எஞ்சினுக்குப் பில்லும், அது முன்பு இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எண்ணைத் தேய்த்து அழித்த பிளாக்கை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஈரோட்டு வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்; புதுப்பிக்க 5,000 ரூபாய். எண் பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்று வரும். வண்டி தன் அசல் உருவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதுதான் இதற்கான நிபந்தனை. 1968ஆம் ஆண்டு அம்பாசிடர் இதற்குத் தகுதி பெறும். இசுசு ஏறிய அம்பாசிடருக்கு அந்தக் கதவு மூடிவிடும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்ட முடியாது என்பதால், குன்னூர் வாசகருக்கு இன்னும் சில ஆண்டுகள் கழித்தும் இது உதவாது.

கேள்வி: பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டால் இன்றைய பெட்ரோல் அதற்கு ஒத்துக்கொள்ளுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று ஈயம். இந்த எஞ்சின்கள் பிறந்த காலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயம், எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டில் அடித்து அடித்துப் பள்ளமாவதைத் தடுத்தது. 2000ஆம் ஆண்டுடன் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டில் தனி சீட் இல்லாமல் வால்வு நேரடியாக உட்காரும் எஞ்சின்களில் இதனால் வால்வு மெல்ல மெல்ல உள்ளே போகும், வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். பி.எம்.சி. 1489க்கு அந்த இடைவெளி 15 தௌ. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் அது இறுகிக்கொண்டே வந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. எப்படியும் எஞ்சின் வேலைக்காக ஹெட்டை இறக்கினால், எக்ஸாஸ்ட் பக்கம் கடின உலோக சீட் இன்சர்ட்டுகளை அப்போதே அடித்துவிடுங்கள்.

மற்றொன்று எத்தனால். இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது பழைய ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் ஊறவைத்து நொய்ந்துபோகச் செய்யும். ஈரத்தை இழுத்து டாங்கின் அடியில் துருவை வளர்க்கும். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். அதே ஜெட்டில் கலவை சற்று மெலிந்துவிடும் என்பதால் பிளக் முனை வெளுத்திருந்தால் ஜெட்டை ஓர் அளவு கூட்ட வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கில் பெட்ரோலை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: அதே வகை வேறு எஞ்சின் கிடைத்துவிட்டது. வெடித்துப்போன பழைய பிளாக்கைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வேண்டாம். வார்ப்பிரும்பு வெடிப்பைத் தைத்து அடைக்கும் வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்று முடியாதது நாளை முடியலாம். அதோடு, முதல் பதிவில் ஏறிய எண் அந்த பிளாக்கில்தான் இருக்கிறது. சிலிண்டர்களுக்குள் கிரீஸ் தடவி, துளைகளை மரக்கட்டையால் அடைத்து, எண் இருக்கும் இடத்தைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு, தரையில் படாமல் ஒரு பலகைமேல் ஏற்றி மூலையில் வையுங்கள். பிளாக்கை வெயிலிலும் மழையிலும் போட்டுவிடாதீர்கள்.